புது 12 கம்பி எலெக்ட்ரிக் கிட்டார்: எதற்குத் திருப்பி அனுப்பலாம், எதை விட்டுவிடலாம்? மதுரைப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து 12 கம்பி எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். இந்த வகைக் கிட்டார் நம்மூர்க் கடைகளில் தொங்குவது அபூர்வம். பெரும்பாலும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆன்லைனிலோ வரவழைக்கிறோம், அதனால் வாசித்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் பரிசோதனை தொடங்குகிறது, திருப்பி அனுப்பக் கிடைக்கும் நாட்களோ கொஞ்சம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெக் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து), அது உடலோடு சேரும் நெக் மூட்டு, பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பதித்திருக்கும் இடம், இந்த மூன்றில் குறை இருந்தால் எவ்வளவு அழகான கிட்டாராக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை திருகாணியாலும் அரத்தாலும் சரியாகிவிடும்.

பெட்டி வந்துவிட்டது. உடனே திறந்து வாசிக்கலாமா?

திறக்கும்போதே வீடியோ எடுங்கள், முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி தொடங்கி, கிட்டாரை வெளியே எடுத்து முன்பக்கம், பின்பக்கம், தலைப்பகுதி எல்லாம் காட்டும்வரை நிறுத்தாமல். பிறகு பேச்சு வந்தால் இதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

சித்திரை, வைகாசியில் வந்த பெட்டி என்றால், திறப்பதற்கு முன் சில மணி நேரம் வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் லாரிக்குள்ளோ கொரியர் வண்டிக்குள்ளோ கிடந்த மரம் கொதித்துப் போயிருக்கும், அதை நேராக ஏசி அறைக்குள் கொண்டு போய்த் திறந்தால் மரமும் அதன்மேல் இருக்கும் பெயின்டும் ஒரே வேகத்தில் சுருங்காது. மெல்லிய விரிசல்கள் வருவது இந்த மாதிரி நேரத்தில்தான்.

அப்புறம் ஒரு விஷயம். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை நட்டில் (தலைப்பகுதிக்கு முன்னால் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சின்னப் பட்டை) அரம் வைக்காதீர்கள், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மாற்றாதீர்கள், எந்தப் பாகத்தையும் கழற்றி மாட்டாதீர்கள். ட்யூனர் (தலையில் கம்பியை முறுக்கும் கீ), சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு), டிரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் இரும்புத் தண்டு) திருகுவது பரவாயில்லை, அவை திருகுவதற்காகவே இருப்பவை.

6 கம்பி கிட்டார் பார்த்து வாங்கத் தெரியும் அண்ணே. 12 கம்பிக்கு என்ன தனியாகப் பார்க்க வேண்டும்?

இழுவிசைதான். சாதாரண 0.010 முதல் 0.046 அங்குலக் கம்பி போட்ட 6 கம்பி எலெக்ட்ரிக்கில், சுருதி சேர்த்த நிலையில் நெக்கின் மேல் ஏறத்தாழ 45 கிலோ இழுவை இருக்கும். ஆறு ஜோடிகளாகக் கம்பி போட்ட 12 கம்பியில் அது 90 கிலோவைத் தாண்டும். அந்த இழுவை இரவும் பகலும் நெக்கை முன்னால் வளைக்கப் பார்க்கிறது, மூட்டைத் திறக்கப் பார்க்கிறது, பிரிட்ஜைத் தூக்கப் பார்க்கிறது. 6 கம்பியில் வருடக்கணக்கில் வெளியே தெரியாத ஒரு சின்ன மூட்டுக் குறை இங்கே சீக்கிரமே வெளியே வந்துவிடும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எந்தச் சோதனையும் முழு சுருதியில் செய்ய வேண்டும். கம்பிகளைத் தளர்த்தி அனுப்புவது உண்டு, அந்த நிலையில் வளையும் நெக்கும் நேராகத் தெரியலாம். சுருதி சேர்த்து ஒரு இரவு விட்டு, மறுநாள் காலை திரும்பவும் சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நட்டின் சின்ன அகலத்துக்குள் 12 பள்ளங்கள், ஒரே சேடிலில் சில சமயம் இரண்டு கம்பிகள், தலையில் 12 ட்யூனர். அரை மில்லிமீட்டர் தவறுக்குக்கூட இடம் இல்லாத வேலை இது.

நெக் நேராக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோக மெட்டு) கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். வலது கையால் கடைசி ஃப்ரெட்டில் தடித்த இ கம்பியை அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோடு. 7, 8-ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும், டூவீலர் மெக்கானிக்குகள் டேப்பெட் செட் பண்ண வைத்திருப்பார்களே, அதேதான், உதிரிபாகக் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு, அது லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் ஏறக்குறைய சரி.

இடைவெளி அதிகமாக இருந்தால் அதுவே குறை என்று முடிவு கட்டாதீர்கள். டிரஸ் ராடை வலப்பக்கமாகக் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து, கொஞ்ச நேரம் கழித்து அளந்து பாருங்கள். நெக் கேட்டால், அதாவது இடைவெளி குறைந்தால், எல்லாம் நலம். ராட் ஏற்கெனவே இறுக்கத்தின் எல்லையில் நிற்கிறது, கையை எதிர்க்கிறது, நெக் இன்னும் வில் மாதிரி இருக்கிறது என்றால் அந்த நெக்குக்கு இனி வழி இல்லை. பலம் போட்டுத் திருகி உடைக்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். சில கிட்டார்களில், குறிப்பாக ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் பல மாடல்களில், ஒன்றுக்கு இரண்டு ராட் இருக்கும், தயாரிப்பாளரின் கையேட்டைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது முறுக்கு. இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். தலைப்பகுதியைக் கண்ணுக்கு அருகே பிடித்து, உடல் பக்கமாக நெக்கின் நீளத்தில் பாருங்கள், முதலில் தடித்த கம்பி ஓரம், பிறகு மெல்லிய கம்பி ஓரம். இரண்டு ஓரமும் ஒரே அளவு வளைந்திருக்க வேண்டும். ஒன்று நேராகவும் இன்னொன்று வளைந்தும் இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது, டிரஸ் ராட் முறுக்கைச் சரிசெய்யாது. ‘லேசாகத்தான் இருக்கிறது, வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடும்’ என்று கடையில் சொல்வார்கள். 90 கிலோ இழுவையில் அது அதிகமாகத்தான் ஆகும்.

நெக்கும் உடலும் சேரும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிகிறது. விரிசலா?

அதிகம் வரும் கேள்வி, பதற வைக்கும் கேள்வியும் கூட. எந்த வகை மூட்டு என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

போல்ட் போட்டு மாட்டிய நெக் என்றால், உடலில் இருக்கும் குழியின் மூலையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கோடு கிளம்புவது சகஜம். அது பெயின்டின் விரிசல், மரத்தில் இல்லை. பார்த்தால் மனசுக்குச் சங்கடம், கிட்டாருக்கு ஒன்றும் ஆகாது. பசை போட்டு ஒட்டிய நெக் என்றால் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள், ஏனென்றால் அங்கே அந்தப் பசைதான் எல்லாம்.

சோதிக்கும் முறை ஒன்றுதான். விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் இன்னும் கவனமாகப் பாருங்கள். பிறகு எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிட்டுக் கோட்டைப் படம் எடுங்கள், முழு சுருதிக்கு ஏற்றிய பிறகு அதே கோணத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். கோடு அகலமானாலோ நீண்டாலோ மூட்டு அசைகிறது என்று பொருள். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, திருப்பி அனுப்ப வேண்டிய குறை. போல்ட் நெக்கில் மூட்டின் அடியில் தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், கம்பிகளைத் தளர்த்திவிட்டு இறுக்கிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு இடத்தையும் மறக்கக் கூடாது: நட்டுக்குப் பின்னால், நெக் தலைப்பகுதியாக மாறும் வளைவு. 12 ட்யூனரின் கனத்தோடு தலை இருக்கிறது, பெட்டி ஒருமுறை தலைகீழாக விழுந்தால் அடி அங்கேதான் வாங்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மரத்தின் நரம்போடு சாய்வாக ஓடும் கோடு இருந்தால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் ஏற்காதீர்கள்.

உள்ளூர் மரவேலை ஆசாரியிடம் கொடுத்துப் பசை போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். புதுக் கிட்டாருக்கு வேண்டாம். பசை பட்ட நிமிடமே வாரன்டி போய்விடும், பிறகு சரியான ஆள் கிடைத்தாலும் முதலில் அந்தப் பசையைச் சுரண்டுவதுதான் அவர் வேலையாக இருக்கும்.

நட்டில் என்ன பார்க்க வேண்டும்?

மூன்று விஷயம். இடைவெளி, ஆழம், வழுக்கு.

ஜோடிக்குள் இருக்கும் இரண்டு கம்பிகளின் நடுவெளி எல்லா ஜோடியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். ஒரு ஜோடி நெருங்கியும் அடுத்தது விலகியும் இருந்தால் இடது கை தினமும் அவதிப்படும். இரண்டு ஓரக் கம்பிகளும் நெக்கின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், மெல்லிய இ ஜோடி விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் கொஞ்சம் இழுத்து வாசித்தாலே கம்பி வழுக்கி வெளியே விழும்.

ஆழத்துக்கு, ஒவ்வொரு கம்பியையும் 2-ஆம் ஃப்ரெட்டுக்கும் 3-ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் இடைவெளியைப் பாருங்கள். தாள் கனம் இருந்தால் போதும். அதைவிட அதிகம் என்றால் நட் உயரம், முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் பிடிக்கும் கார்டுகளில் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) சுருதி ஏறிப் போகும், எவ்வளவு டியூன் பண்ணினாலும் திறந்த கம்பியும் கார்டும் ஒத்துப்போகாது. இது அரத்தால் தீரும் குறை. இடைவெளியே இல்லை, திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் பட்டு இரைகிறது என்றால் பள்ளம் ஆழமாக வெட்டிவிட்டார்கள், புது நட் போட வேண்டும்.

12 கம்பிக்கே உரிய குறை ஒன்று இதில் உண்டு. தடித்த கம்பிக்கும் அதன் ஆக்டேவ் கம்பிக்கும் (ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய இணை) பள்ளத்தின் அடிமட்டம் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருக்கும். அப்போது மெல்லிய கம்பியின் தலை தடித்த கம்பியின் நிழலில் அடங்கிவிடுகிறது, பிக் (கம்பியை மீட்டும் துண்டு) அதன்மேல் சரியாகப் படுவதில்லை, ‘12 கம்பி வாங்கினேன், 6 கம்பி மாதிரித்தான் கேட்கிறது’ என்ற புகார் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. இரண்டின் மேல்மட்டமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்படி வெட்டிய நட்தான் நல்ல நட்.

வழுக்கு என்றால், சுருதி ஏற்றும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்து கம்பி திடீரெனத் தாவினால் பள்ளம் கம்பியைப் பிடிக்கிறது. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். அதிலேயே தீர்ந்தால் சரி, தீராவிட்டால் பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும்.

ரிக்கன்பேக்கர் மாடலில் தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் இடம் மாறி இருக்கின்றன. தவறாக மாட்டிவிட்டார்களா?

இல்லை. மற்ற கிட்டார்களில் கையைக் கீழே அடிக்கும்போது ஆக்டேவ் கம்பி முதலில் படும், ரிக்கன்பேக்கரில் தடித்த கம்பி முதலில் படும். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1964-ல் கையில் எடுத்த ரிக்கன்பேக்கர் 360/12-உம் இப்படித்தான். மாற்றி மாட்ட முயற்சி செய்தால் நட்டின் பள்ளங்கள் ஒத்துவராது.

12 கம்பியையும் டியூனர் ஆப்பில் பச்சையில் நிறுத்திவிட்டேன். ஆனால் மேலே போய் வாசித்தால் அபஸ்வரமாக இருக்கிறது. கிட்டார் குறையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

முதலில் பிரிட்ஜில் எத்தனை சேடில் என்று எண்ணுங்கள். ஃபெண்டர் நிறுவனம் 1965-ல் கொண்டு வந்த ‘எலெக்ட்ரிக் 12’ மாடலில் கம்பிக்கு ஒன்றாக 12 சேடில் இருந்தது. ஆனால் இன்றைக்கும் பல மாடல்களில் ஜோடிக்கு ஒன்றாக 6 சேடில்தான் வருகிறது. தடித்த கம்பிக்குச் சேடில் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்க வேண்டும், அதன் மெல்லிய ஆக்டேவுக்கு அவ்வளவு வேண்டாம், இரண்டும் ஒரே சேடிலில் உட்கார்ந்திருந்தால் இரண்டையும் முழுமையாகத் திருப்திப்படுத்த முடியாது. 12-ஆம் ஃப்ரெட்டில் சில சென்ட் வித்தியாசம் இருந்தே தீரும் (அரை ஸ்வரம் 100 சென்ட் என்ற கணக்கில்). அது தயாரிப்புக் குறையாகாது, அந்த வடிவமைப்பின் எல்லை. நான் தடித்த கம்பியைச் சரியாக வைத்துவிட்டு ஆக்டேவைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். மேல் ஃப்ரெட்டுகளில் அதிகம் வாசிப்பவர்கள் நடுவில் நிறுத்துவார்கள். காதுக்கு உறுத்தினால் அடுத்த முறை 12 சேடில் பிரிட்ஜ் உள்ளதை வாங்குங்கள்.

குறை எப்போது? சேடில் திருகாணியைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் 12-ஆம் ஃப்ரெட் ஸ்வரம் ஏறியே நிற்கிறது என்றால், பிரிட்ஜையே தவறான இடத்தில் பதித்திருக்கிறார்கள். அளவு நாடாவால் உறுதி செய்யலாம். நட்டின் உள்விளிம்பிலிருந்து 12-ஆம் ஃப்ரெட் நடு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 24.75 அங்குல நெக் என்றால் பாதி 314.3 மில்லிமீட்டர், 25.5 அங்குலம் என்றால் 323.9. மெல்லிய இ கம்பியின் சேடில் அந்த இரட்டிப்பு அளவைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பின்னால் இருக்கும், தடித்த கம்பிகளின் சேடில்கள் அதைவிடச் சற்றுப் பின்னால் போகும். சேடில் அந்த இடத்துக்குப் போகவே முடியாவிட்டால் திருப்பி அனுப்ப அதுவே போதுமான காரணம்.

வீணை வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் ‘ஃப்ரெட்டைக் கொஞ்சம் நகர்த்த முடியாதா’ என்று கேட்டிருக்கிறார்கள். வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கிறது, மெழுகை இளக்கி நகர்த்திச் சுருதி பார்க்கலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் வெட்டிய கோட்டுக்குள் அடித்து இறக்கப்பட்டது, நகராது. அதனால்தான் பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இதே சமயம் பிரிட்ஜ் நடுவில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைசி ஃப்ரெட் பக்கம் இரு ஓரக் கம்பிகளும் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் போக வேண்டும். போல்ட் நெக்கில் சின்னச் சாய்வு இருந்தால் போல்ட்டைத் தளர்த்தி நேராக்கலாம். ஒட்டிய நெக்கில் அது முடியாது.

ஜோடிக் கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு அலைச்சல் கேட்கிறது. அதுவும் குறையா?

அது இயல்பு. பி, மெல்லிய இ ஜோடிகளில் இரண்டு கம்பியும் ஒரே ஸ்வரம், மற்ற நான்கிலும் ஒன்று ஒரு ஸ்தாயி மேலே. இரண்டு கம்பிகள் மயிரிழை விலகி ஒலிப்பதால்தான் 12 கம்பிக்கு அந்த மினுமினுப்பு வருகிறது. அலை மெதுவாக இருந்தால் அழகு, வேகமாகத் துடித்தால் டியூன் போதவில்லை. முதலில் தடித்த 6 கம்பிகளையும் முடித்துவிட்டு, பிறகு ஒவ்வொரு இணையையும் அதன் ஜோடியோடு காதால் சேருங்கள், ஆப்பை மட்டும் நம்பாதீர்கள்.

மூன்றாவது ஜோடியின் மெல்லிய கம்பி அடிக்கடி அறுந்து போகிறது அண்ணே. கிட்டாரா, கம்பியா?

ஆக்டேவ் ஜி. 12 கம்பிகளில் மிக உயர்ந்த ஸ்வரம் அதுதான், மெல்லிய இ 330 ஹெர்ட்ஸில் நிற்கும்போது இது 392-இல் நிற்கிறது. அந்த நீளத்தில் அந்தச் சுருதிக்கு இழுத்தால் எஃகு தன் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறது, தடித்த கம்பி போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால் 0.008 அங்குலக் கம்பிகளை உதிரியாக வாங்கி வைத்துக்கொள்வது எல்லோரும் செய்வது.

ஆனால் எங்கே அறுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், சேடிலின் மேலோ ட்யூனர் துளையின் வாயிலோ அறுந்தால் அங்கே உலோகப் பிசிறு இருக்கிறது. 1000 நம்பர் வாட்டர் பேப்பரைச் சுருட்டி லேசாகத் தேய்த்தால் போய்விடும். இடம் மாறி மாறி அறுந்தால் இழுவைதான் காரணம், அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கி டியூன் செய்துவிட்டுக் கேப்போ போட்டு வாசியுங்கள்.

டியூன் நிற்கவே மாட்டேன் என்கிறது. ட்யூனர் மட்டமா?

ட்யூனரைக் கடைசியில் சந்தேகியுங்கள். புதுக் கம்பி சில நாள் நீளும், அது முதல் காரணம். நட் பிடிப்பது இரண்டாவது. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள், தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். இதற்கெல்லாம் பிறகும் ஒரே ஒரு கம்பி இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கீயைக் கையால் ஆட்டிப் பாருங்கள், தளதளவென்று ஆடினால், திருகினாலும் கால் சுற்று வரை கம்பி அசையாவிட்டால் பல் சக்கரம் தேய்ந்தது அல்லது சரியாகப் பொருந்தாதது. ஒரு ட்யூனருக்காக முழுக் கிட்டாரையும் அனுப்ப வேண்டியதில்லை, மாற்றுப் பாகம் கேளுங்கள்.

தலைப்பகுதியில் இன்னொன்றும் பாருங்கள், நட்டிலிருந்து போகும் கம்பி பக்கத்து ட்யூனரின் தண்டில் உரசிக்கொண்டு போகிறதா என்று. மலிவான சில மாடல்களில் இருக்கும். சுருதி நிற்காததற்கு அதுவும் காரணம், அது அந்த வடிவமைப்பிலேயே உள்ளது என்பதால் சரிசெய்யவும் முடியாது.

ஃப்ரெட் ஓரம் கையைக் கீறுகிறது. சில இடத்தில் இரைச்சல் வேறு.

கீறுவது பெரும்பாலும் மரம் சுருங்கியதால். ஈரப்பதம் அதிகமுள்ள ஊரில் செய்து இங்கே கோடைக்கு வந்த நெக், அல்லது ஏசி அறையிலேயே கிடக்கும் நெக், கொஞ்சம் சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால் ஃப்ரெட் முனை வெளியே எட்டிப் பார்க்கும். சின்ன அரத்தால் வழித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் திரும்ப ஊறும், முனைகள் உள்ளே போன மாதிரி இருக்கும். எல்லா ஃப்ரெட்டும் ஒரே மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் பருவநிலை. ஒன்றிரண்டு மட்டும் என்றால் செய்தவர் சரியாக வழிக்கவில்லை.

இரைச்சலுக்கு, பழைய ஏடிஎம் கார்டின் நேரான விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகள் மேல் படும்படி நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். நட் பக்கம் நீள விளிம்பு, நடுப்பகுதியில் குட்டை விளிம்பு, அதற்கும் மேலே கார்டை வெட்டிச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். ஒரு ஃப்ரெட் மட்டும் உயரம் என்றால் உள்ளூரிலேயே கிட்டார் வேலை தெரிந்தவர் சரிசெய்வார், நாலைந்து இடத்தில் ஆடினால் திருப்பி அனுப்புங்கள்.

அதற்கு முன் கம்பி உயரத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் தடித்த பக்கம் 2, மெல்லிய பக்கம் 1.5 மில்லிமீட்டர் பக்கம் இருக்கட்டும். அதைவிடத் தாழ்த்தி வைத்துவிட்டு இரைகிறது என்று சொன்னால் கிட்டார்மேல் பழி போடுவதாகிவிடும். ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் கேட்டால் மட்டும் வரும் லேசான இரைச்சல், ஆம்ப்பில் கேட்காவிட்டால், விட்டுவிடுங்கள்.

ஆம்ப்பில் போட்டால் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிறது. பிக்கப் போய்விட்டதா?

கம்பியைத் தொடுங்கள். தொட்டதும் உறுமல் குறைந்தால் கிட்டாரின் எர்த் வேலை செய்கிறது, சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உறுமல் கொஞ்சம் இருப்பது இயல்பு. தொட்டதும் கூடினால் ஜாக்கில் (ஆம்ப் ஒயரைச் செருகும் துளை) இரண்டு ஒயரும் மாறியிருக்கலாம், எந்த மாற்றமும் இல்லாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப் போயிருக்கலாம். இரண்டுமே சால்டரிங் வேலை, வாரன்டியில் செய்து தர வேண்டியவை.

இதைவிட முக்கியம் உங்கள் பாதுகாப்பு. பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருந்தாலும் எர்த் இணைப்பே இருக்காது, திருவிழா மேடையில் ஜெனரேட்டர் லைன் எப்படி இழுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. கிட்டார் கம்பி ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தது. அங்கே எர்த் இல்லாமல் மின்கசிவு இருந்தால், ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. வாசிப்பதற்கு முன் கிட்டார் கம்பியிலும் மைக்கிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், விளக்கு எரிந்தால் அந்த லைனில் வாசிக்காதீர்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்காதீர்கள்.

மற்றபடி, வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திருப்பிக் கரகரப்பைக் கேளுங்கள். சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் பிக்கப்பை மெல்லத் தட்டினால் எது வேலை செய்கிறது என்று தெரியும். ஜாக்கில் ஒயரை ஆட்டினால் சத்தம் விட்டு விட்டு வரக் கூடாது. 12 கம்பியும் பிக்கப்பின் பரப்புக்குள் போகின்றனவா என்று மேலிருந்து பாருங்கள், ஓர ஜோடியில் ஒரு கம்பி வெளியே போனால் அது மட்டும் மங்கிக் கேட்கும்.

ஃப்ரெட்போர்டு (ஃப்ரெட் பதித்த பலகை) வெளுத்துப் போய் இருக்கிறது. மலிவு மரமா?

கருமருதாக இருக்கலாம், வெளிநாட்டு நிறுவனங்கள் ‘இந்தியன் லாரல்’ என்று எழுதுவது நம் கருமருதைத்தான். 2017-ல் ஈட்டி வகை மரங்களின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு பலர் இதற்கு மாறினார்கள். இசைக்கருவிகளுக்கு 2019-ல் தளர்வு வந்தும் கருமருது நிலைத்துவிட்டது. கெட்டியான மரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. வறண்டு தெரிந்தால் கிட்டார் மரத்துக்கென விற்கும் எண்ணெய் கொஞ்சம் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும்.

பெயின்டில் தூசிப் புள்ளி, ஓரப் பட்டையில் நிறம் கசிந்திருக்கிறது, பாலிஷ் சுழி தெரிகிறது. திருப்பி அனுப்பட்டுமா?

விலை அதிகம் கொடுத்திருந்தால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நடுத்தர விலைக் கிட்டார் என்றால், நெக் அருமையாக அமைந்திருக்கும்போது ஒரு தூசிப் புள்ளிக்காக அனுப்பாதீர்கள், அடுத்து வருவது பளபளவென்று முறுக்கிய நெக்கோடு வரலாம். விலை குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், பலர் தருகிறார்கள். ஓரப் பட்டை மரத்தை விட்டுப் பிரிந்து நகம் நுழைகிறது என்றால் அது வேறு விஷயம், அது வளரும் குறை.

தோளில் மாட்டினால் தலை கீழே இறங்குகிறது.

ட்யூனர்களின் கனம். அகலமான, சொரசொரப்பான தோல் பட்டை போட்டால் பெருமளவு நிற்கும். இரண்டு மணி நேரம் நின்று வாசிக்கும் கச்சேரிக்காரர்கள், சர்ச் பாடற்குழுவில் வாசிப்பவர்கள் முதல் நாளே பட்டை மாட்டி நின்று பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் இதற்குப் பெரிய மருந்து எதுவும் இல்லை.

கடைக்காரர் ‘12 கம்பி என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?

‘நன்றாக இல்லை’ என்று எழுதாதீர்கள், அளவோடு எழுதுங்கள். ‘முழு சுருதியில், டிரஸ் ராட் இறுகிய நிலையில், 8-ஆம் ஃப்ரெட்டில் 0.9 மில்லிமீட்டர் இடைவெளி’ என்று படத்தோடு அனுப்பினால் மறுப்பது கடினம். போனில் பேசியதை எல்லாம் அன்றே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், பெங்களூர்க் கடைக்கு எதிராக மதுரையிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும், இணையவழியிலும் பதியலாம்.

திருப்பி அனுப்பும்போது எப்படிக் கட்டுவது?

வந்த பெட்டியிலேயே அனுப்புங்கள், அதனால் பெட்டியை முதல் நாளே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 12 கம்பியையும் கழற்ற வேண்டாம், ஒவ்வொன்றையும் ஓரிரு ஸ்வரம் தளர்த்தினால் போதும். நட்டுக்குப் பின்னால் இருக்கும் வளைவின் அடியில் துணியோ நுரையோ திணித்து, தலைப்பகுதி பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாதபடி செய்யுங்கள். பெட்டியை மூடியதும் தூக்கி மெல்லக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் நகரக் கூடாது. கட்டுவதையும் எடை போடுவதையும் வீடியோ எடுத்து, கொரியர் ரசீதின் படத்தை அன்றைக்கே விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள்.